சிபி ரேடியோ செங்குத்து ஆன்டெனா: அரை அலையா, அரையே அரைக்காலா?

கேள்வி இதுதான். இதுவரை வண்டியில் ஓடிக்கொண்டிருந்த சிபி (சிட்டிசன்ஸ் பேண்ட், பொதுமக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ரேடியோ) செட்டை வீட்டில் நிலையாக வைக்க வேண்டும். எல்லாத் திசையிலும் பேச வேண்டும் என்பதால் செங்குத்து ஆன்டெனாதான் தோது. கண்ணில் பட்டவை மூன்று: ஐந்தரை மீட்டர் நீள ஃபைபர்கிளாஸ் அரை அலை (அதாவது ரேடியோ அலைநீளத்தில் பாதி நீளம்), ஏழு மீட்டரைத் தொடும் அலுமினிய 5/8 அலை, எட்டு மீட்டரைத் தாண்டும் முக்கால் அலை. ஒரு பெட்டியில் 4 டெசிபல் என்று போட்டிருக்கிறது, இன்னொன்றில் 9 டெசிபலுக்கு மேல். எதை வாங்குவது, எப்படி நிறுத்துவது, நிறுத்தியபின் எது மேல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பல வருடங்களுக்கு முன் நானும் இதே கேள்வியோடுதான் அலைந்தேன். அரை அலை ஃபைபர்கிளாஸை இறக்கிவிட்டு 5/8 அலுமினியத்தை ஏற்றினேன். அன்று மாலையே வழக்கமாகப் பேசும் நண்பர், சிக்னலின் வலுவைக் காட்டும் எஸ் மீட்டரைப் பார்த்து, "முள் இரண்டு கோடு ஏறியிருக்கிறது" என்றார். மூன்று மாதம் பார்ப்பவரிடமெல்லாம் 5/8-இன் புகழ் பாடினேன். அப்புறம் ஒருநாள்தான் உறைத்தது. புது ஆன்டெனாவோடு சேர்த்துக் கம்பத்தையும் மூன்று மீட்டர் உயர்த்தியிருந்தேன். பழைய ஒல்லிக் கேபிளை எடுத்துவிட்டுத் தடித்த கேபிள் போட்டிருந்தேன். ஓரமாகக் கிடந்த ஃபைபர்கிளாஸைத் தூசி தட்டி, அதே கம்பத்தில் அதே கேபிளில் ஏற்றிப் பார்த்தேன். முள் இறங்கியதா இல்லையா என்று நண்பரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஆகவே என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றில் எதை வாங்கினாலும் தப்பில்லை. ஆன்டெனாவின் ரகம் தரும் வித்தியாசத்தைவிட அது நிற்கும் உயரமும், கீழே வரும் கேபிளும், அந்தக் கேபிளின் மேல்தோலில் (உள்கம்பியைச் சூழ்ந்த உலோகப் பின்னலின் வெளிப்பக்கத்தில்) ஓடும் வேண்டாத மின்னோட்டமும் தரும் வித்தியாசம் பெரிது.

முதலில் அளவுகள். சிபியின் 40 சேனல்களும் 26.965 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 27.405-இல் முடிகின்றன. நடுவில் அலைநீளம் ஏறத்தாழ 11 மீட்டர். கால் அலை 2.75 மீட்டர், அரை அலை 5.5, 5/8 அலை 6.9. உலோகக் குழாயில் செய்யும்போது இதைவிடக் கொஞ்சம் குறைவாகவே வெட்ட வேண்டியிருக்கும். பழைய தமிழ்க் கணக்கில் 5/8-க்கு அரையே அரைக்கால் என்று அழகான பெயரே இருக்கிறது, ஆனால் ஆன்டெனாக்காரர்கள் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

இனி அந்த 9 டெசிபல். டெசிபல் என்பது ஒப்பீடு. எதோடு ஒப்பிட்டது என்று சொல்லாத டெசிபலுக்குப் பொருளே இல்லை. எல்லாப் பக்கமும் சமமாகப் பரப்பும் கற்பனைப் புள்ளியோடு ஒப்பிட்டால், வெட்டவெளியில் நிற்கும் சாதாரண அரை அலை ஆன்டெனாவுக்கு 2.15 டெசிபல். தரையில் பட்டுத் திரும்பும் அலையும் நேராகப் போகும் அலையும் ஒன்றுகூடும் கோணத்தில், நல்ல தரையாக இருந்தால், 6 டெசிபல் வரை கூடும். அதையும் சேர்த்துப் பெட்டியில் அச்சடித்தால் எட்டு ஒன்பது வந்துவிடும். அந்தத் தரை உங்கள் எல்லா ஆன்டெனாவுக்கும் பொதுவானது. ஒரு கம்பெனி தரையைச் சேர்த்துச் சொல்கிறது, இன்னொன்று சேர்க்காமல் சொல்கிறது, அவ்வளவுதான். பெட்டியின் மேல் இருக்கும் எண்ணை வைத்து இரண்டு கம்பெனி ஆன்டெனாக்களை ஒப்பிடுவது வீண் வேலை.

5/8 அலைக்குக் கால் அலையைவிட 3 டெசிபல் அதிகம் என்று புத்தகங்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அது எல்லையில்லாத உலோகத் தரையின் மேல் நிற்கும் ஆன்டெனாவுக்கான கணக்கு. கம்பத்தின் உச்சியில் மூன்று நான்கு ரேடியல்களோடு (அடியிலிருந்து சுற்றிலும் நீளும் கம்பிகள்) நிற்கும்போது, அரை அலையோடு ஒப்பிட்டால் அதன் கூடுதல் ஒரு டெசிபலை ஒட்டித்தான் இருக்கும். எஸ் மீட்டரில் ஒரு எஸ் என்பது முறைப்படி 6 டெசிபல். ஒரு டெசிபலைக் காது உணராது, முள்ளும் பெரிதாகக் காட்டாது.

சரி, அப்படியானால் நீள ஆன்டெனா மாட்டியவர்கள் எல்லோரும் பொய் சொல்கிறார்களா? இல்லை. ஆன்டெனாவில் மின்னோட்டம் உச்சமாக இருக்கும் இடத்திலிருந்துதான் பெரும்பாலான அலை கிளம்புகிறது. அந்த இடம் நுனியிலிருந்து கால் அலை கீழே. அரை அலையில் அது அடியிலிருந்து 2.75 மீட்டர் மேலே. 5/8-இல் ஏறத்தாழ 4.1, முக்கால் அலையில் 5.5. ஒரே கம்பத்தில் மூன்றையும் மாற்றி மாற்றி வைத்தால், நீளமானது தன் வேலையை இன்னும் உயரத்திலிருந்து செய்கிறது. கிடைக்கும் கூடுதலில் ஒரு பங்கு அந்த உயரத்தால் வருவது. அரை அலையின் கம்பத்தை ஒன்றரை மீட்டர் உயர்த்தினால் அந்தப் பங்கு அதற்கும் கிடைக்கும்.

உயரம் ஏன் இவ்வளவு பேசுகிறது? அக்கம்பக்கத்து நிலையங்களோடு பேசும்போது, நேராக வரும் அலையும் தரையில் பட்டு வரும் அலையும் தாழ்ந்த கோணத்தில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. உயரம் கூடக் கூட அந்த வெட்டு குறைகிறது. உயரத்தை இரண்டு மடங்காக்கினால் 6 டெசிபல் வரை கூடலாம், அதாவது ஒரு முழு எஸ். ரேடியோ தொடுவானமும் தள்ளிப்போகும்: உயரத்தை மீட்டரில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் வரும். 6 மீட்டருக்கு 10 கிலோமீட்டர், 12 மீட்டருக்கு 14. எதிரில் பேசுபவரின் ஆன்டெனாவுக்கும் இதே கணக்குப் போட்டு இரண்டையும் கூட்டிக்கொள்ளுங்கள். அதைத் தாண்டியும் கொஞ்சம் தூரம் போகும், ஆனால் சிக்னல் வேகமாக இளைத்துவிடும். அதற்காக வானளாவ உயர்த்திவிடவும் முடியாது. அமெரிக்காவில் தரையிலிருந்து 60 அடி அல்லது ஏற்றிய கட்டடத்துக்கு மேல் 20 அடி, இதில் எது அதிகமோ அதுதான் எல்லை. விமான நிலையத்துக்கு அருகில் என்றால் இன்னும் கட்டுப்பாடு உண்டு. நாட்டுக்கு நாடு விதி மாறும். வெளியே ஆன்டெனா போடவே கூடாது என்று இருக்கும் நாடும் உண்டு, வாங்கும் முன் பார்த்துவிடுங்கள்.

கேபிளைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. கேட்டிருக்க வேண்டும். 30 மீட்டர் ஓட்டத்துக்கு ஒல்லியான ஆர்ஜி-58 ஏறத்தாழ இரண்டரை டெசிபலைத் தின்றுவிடும். செட்டிலிருந்து கிளம்பும் 4 வாட்டில் ஆன்டெனாவுக்குப் போய்ச் சேருவது 2.25 வாட்தான். தடித்த ஆர்ஜி-213 என்றால் மூன்று வாட்டுக்குக் கொஞ்சம் மேல். எல்எம்ஆர்-400 என்றால் 3.4. அரை அலையை விட்டு 5/8-க்கு மாறிச் சம்பாதிப்பதைப்போல் ஒன்றரை மடங்கைக் கேபிளை மாற்றியே சம்பாதிக்கலாம். பத்துப் பன்னிரண்டு மீட்டர்தான் ஓட்டம் என்றால் கவலையை விடுங்கள், நல்ல ஆர்ஜி-58 போதும். மட்டக் கேபிளுக்கு இன்னொரு வஞ்சகமும் உண்டு. ஆன்டெனாவிலிருந்து திரும்பி வரும் சக்தியையும் அது வழியிலேயே தின்றுவிடுவதால், கீழே எஸ்டபிள்யூஆர் மீட்டர் (எவ்வளவு சக்தி திரும்பி வருகிறது என்று காட்டுவது, 1.0 என்றால் ஒன்றும் திரும்பவில்லை) அழகாக 1.3 காட்டும். மேலே நிலைமை வேறாக இருக்கும்.

எஸ்டபிள்யூஆர் என்றதும் எல்லோருக்கும் 1.0 வெறி பிடித்துவிடுகிறது. 1.5 என்றால் திரும்புவது 4 சதவீதம், 2 என்றால் 11 சதவீதம். 1.5-ஐ 1.1 ஆக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஏணியில் கழித்தால் கிடைக்கும் லாபத்தை யாராலும் கேட்க முடியாது. டம்மி லோடு என்று சோதனைக்கு வைக்கும் மின்தடைப் பெட்டி 1.0 காட்டும், அடுத்த தெருவுக்குக்கூடக் கேட்காது. அந்த எண் சொல்வதெல்லாம் செட்டுக்கு ஆபத்தில்லை என்பதை மட்டும்தான்.

இருந்தாலும் டியூன் செய்யத்தான் வேண்டும். சேனல் 1, 20, 40 மூன்றிலும் அளவெடுங்கள். சேனல் 1-இல் அதிகமாக இருந்தால் ஆன்டெனா குட்டை, நீட்டுங்கள். 40-இல் அதிகமாக இருந்தால் குறையுங்கள். கால் அலைக் கம்பியில் ஒரு சென்டிமீட்டர் மாற்றினால் ஏறத்தாழ பத்துச் சேனல் நகரும், அரை அலையில் இரண்டு சென்டிமீட்டருக்கு அதே நகர்வு. சிலவற்றில் நீளத்துக்குப் பதிலாக அடியில் திருகும் வளையங்கள் இருக்கும், வழி ஒன்றுதான். தரையில் சாய்த்து வைத்துக்கொண்டு டியூன் செய்யாதீர்கள். மேலே ஏறியதும் எல்லாம் மாறிவிடும்.

இப்போது அதிகம் பேர் கவனிக்காத விஷயத்துக்கு வருகிறேன். மின்னோட்டம் ஆன்டெனாவுக்குள் போகிறது என்றால் அதே அளவு எங்கேயோ இருந்து வந்தாக வேண்டும். கிரவுண்ட் பிளேன் ஆன்டெனாவில் அந்த வேலையை ரேடியல்கள் செய்கின்றன. அடியில் கேபிள் இணையும் அரை அலை ஃபைபர்கிளாஸில் ரேடியல் கிடையாது, ஆனால் தேவை போய்விடவில்லை. கேபிளின் வெளிச்சுற்றும், அதைக் கட்டியிருக்கும் கம்பமும் சத்தமில்லாமல் ரேடியல் ஆகிவிடுகின்றன. அப்புறம் கேபிளே ஆன்டெனாவின் பாதி. அது வீட்டுக்குள்ளும் வந்து அலைபரப்பும். நீங்கள் மைக்கை அழுத்தினால் ஸ்பீக்கர்கள் கரகரக்கும், மைக்கின் உலோகத்தில் உதடு பட்டால் சுரீர் என்னும், கேபிளைக் கையால் பிடித்தால் எஸ்டபிள்யூஆர் முள் ஆடும். கடைசியாகச் சொன்னதுதான் சரியான சோதனை. ஆளை விட்டு கேபிளைப் பிடிக்கச் சொல்லி மீட்டரைப் பாருங்கள், அல்லது ஒரு மீட்டர் துண்டுக் கேபிளைச் சேர்த்துப் பாருங்கள். எண் குறிப்பிடும்படி மாறினால் கேபிள் அலைபரப்புகிறது.

இதே வழி எதிர்த்திசையிலும் திறந்திருக்கும். வீட்டுக்குள் இருக்கும் எல்இடி விளக்கு, சார்ஜர், சோலார் இன்வெர்ட்டர் எல்லாம் போடும் இரைச்சல் கேபிளின் மேல்தோல் வழியாக ஏறி ஆன்டெனாவுக்குப் போய், அங்கிருந்து உள்வழியாகச் செட்டுக்கு வருகிறது. "சேனல் காலியாக இருக்கும்போதே முள் எஸ் 7-இல் நிற்கிறது" என்று புலம்புபவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். மருந்து எளிது: சோக், அதாவது மேல்தோலில் ஓடும் மின்னோட்டத்தை மட்டும் தடுக்கும் சுருள். 10, 12 சென்டிமீட்டர் விட்டமுள்ள பிவிசி குழாயில் மெல்லிய கேபிளை ஆறேழு சுற்று, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பக்கம் பக்கமாகச் சுற்றிக் கட்டுங்கள். தடித்த கேபிளை அவ்வளவு இறுக்கமாக வளைக்கக் கூடாது. அதற்கு 31 அல்லது 43 ரக ஃபெரைட் (காந்தப் பீங்கான்) வளையங்களைக் கோத்துவிடலாம். ரேடியல் உள்ள ஆன்டெனாவில் அடியை ஒட்டியே சோக் வைப்பேன். ரேடியல் இல்லாத அரை அலையில் 2.7 மீட்டர் கீழே வைப்பேன், அவ்வளவு நீளக் கேபிள் தெரிந்தே ரேடியலாக இருந்துவிட்டுப் போகட்டும். இரைச்சல் இரண்டு எஸ் இறங்கிவிட்டால் அது எந்த ஆன்டெனா விளம்பரமும் தர முடியாத லாபம்.

நிறுத்தும் வேலையில் முதல் விஷயம் மின்கம்பி. இதில் விளையாட்டே வேண்டாம். ஆன்டெனாவை ஏற்றும்போதோ இறக்கும்போதோ மின்கம்பியில் பட்டு அமெரிக்காவில் இறந்தவர்கள் அதிகமாகி, வீட்டில் வைக்கும் எல்லாத்திசை சிபி ஆன்டெனாக்கள் மின்கம்பியில் பட்டாலும் பிடித்திருப்பவரைக் காக்கும் மின்காப்போடு வர வேண்டும் என்று அங்கே தனி விதியே போட்டார்கள். 1983-இல் அது நடைமுறைக்கு வந்தது. கம்பமும் ஆன்டெனாவும் சேர்ந்த நீளத்தைப்போல் இரண்டு மடங்கு தூரத்துக்குள் மின்கம்பி இருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். ஏழு மீட்டர் குழாய் காற்றில் சாய ஆரம்பித்தால் இருவர் பிடித்தாலும் நிற்காது. அலுமினிய 5/8-ஐ மூன்று பேர் இல்லாமல் நான் தொடுவதில்லை. ஃபைபர்கிளாஸை ஒருவர் ஏற்றிவிடலாம், அதன் உண்மையான பெருமை அதுதான். வெயிலில் வருடக்கணக்காக நின்ற ஃபைபர்கிளாஸை இறக்கும்போது கையுறை போடுங்கள், மேல்பூச்சு போய்க் கண்ணுக்குத் தெரியாத நார்கள் கையில் ஏறிவிடும்.

மின்னலுக்கு எர்த்தும் அரெஸ்டரும் (மின்னல் பாய்ச்சலை எர்த்துக்குத் திருப்பும் கருவி) போடுங்கள், ஆனால் நேரடியாக விழும் இடியை எதுவும் தடுக்காது. மழை இருட்டும்போதே கேபிளைச் செட்டிலிருந்து கழற்றி வெளியே போட்டுவிடுவதுதான் பிழைக்கும் வழி. ஒரு சின்னக் குறிப்பு: பல ஆன்டெனாக்களில் அடியில் உள்ள சுருள் நேரே எர்த்தோடு சேர்ந்திருக்கும். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் ஷார்ட் என்று காட்டும். கெட்டுப்போன சரக்கு என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள், ரேடியோ அலைக்கு அது ஷார்ட் இல்லை.

இணைப்பு முனையில் தண்ணீர் புகாமல் பார்ப்பது பாதி ஆயுள். பிஎல்-259 முனை தானாக நீர் காக்காது. தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றி, ஓடு வேய்ந்ததுபோல் ஒவ்வொரு சுற்றும் கீழ்ச்சுற்றின்மேல் படியும்படி முடியுங்கள். ஒருமுறை நான் சோம்பேறித்தனமாகச் சாதாரண மின் டேப் சுற்றிவிட்டு, ஒரு மழைக்காலம் கழித்து அந்தக் கேபிளை அறுத்துப் பார்த்தேன். முனையிலிருந்து முழநீளத்துக்குச் செம்புப் பின்னல் கறுத்துப்போய், விரலால் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தது.

இனி ஒப்பிடும் முறை. முதலில் உங்கள் எஸ் மீட்டரை நம்பாதீர்கள். சிபி செட்டுகளில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் 6 டெசிபல் இருப்பது அபூர்வம். அளந்து பார்க்க எளிய வழி: எதிர்முனை நண்பரின் செட்டில் சக்தியைக் குறைக்கும் வசதி இருந்தால், 4 வாட்டிலும் 1 வாட்டிலும் மாறி மாறி மைக்கை அழுத்தச் சொல்லுங்கள். அது சரியாக 6 டெசிபல். உங்கள் முள் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். என் செட் ஒன்றில் இரண்டரைக் கோடு இறங்கியது. "இரண்டு கோடு ஏறியிருக்கிறது" என்று கேட்டு அன்று நான் குதித்தது எவ்வளவு அபத்தம் என்று அப்போதுதான் புரிந்தது.

நேற்று ஒன்று, இன்று மற்றொன்று என்று மாற்றி ஒப்பிட்டால் கிடைப்பது வானிலை அறிக்கைதான். இரண்டையும் ஒரே நேரத்தில் நிறுத்தி, ஒரே ரகக் கேபிளை ஒரே நீளத்தில் வெட்டிப் போட்டு, நடுவில் ஒரு சுவிட்ச் வைத்து, நண்பர் ஒரே மூச்சில் பேசிக்கொண்டிருக்கும்போது இங்கும் அங்கும் தட்டிப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே குறைந்தது ஒரு அலைநீளம், அதாவது 11 மீட்டராவது இடைவெளி வேண்டும். இல்லையென்றால் ஒன்று மற்றதன் அலையை வாங்கித் திருப்பிவிடும், எல்லாத்திசை ஆன்டெனாவுக்குத் திடீரென்று திசை வந்துவிடும். நுனிகள் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். கம்பத்தை மட்டும் சமமாக வைத்தால் மேலே சொன்ன உயரக் கள்ளம் உள்ளே வந்துவிடும். முடிந்ததும் இரண்டையும் இடம் மாற்றி இன்னொரு தடவை பாருங்கள். முன்பு ஜெயித்த ஆன்டெனா இப்போது தோற்றால், ஜெயித்தது இடம்.

அவ்வளவு இடம் இல்லாதவர்களுக்கு நான் செய்யும் வழி: ஒரு ஓரத்தில் எளிய கால் அலை ஆன்டெனாவை நிரந்தரமாக நிறுத்திவிட்டு, அதைத் தராசின் படிக்கல்லாக வைத்துக்கொள்கிறேன். புதியதை எப்போது ஏற்றினாலும் "படிக்கல்லைவிட எவ்வளவு கூட" என்று மட்டும் குறிக்கிறேன். இதைச் செய்வது எளிது. பிஎல்-259 மாட்டும் ஒரு எஸ்ஓ-239 சாக்கெட், நடுமுனையில் 2.7 மீட்டர் கம்பி மேலே, நான்கு மூலைகளிலும் அதே நீளத்தில் நான்கு கம்பிகள் 45 டிகிரி சாய்ந்து கீழே. சாய்வு முக்கியம். கிடையாக நீட்டினால் ஆன்டெனாவின் மின்மறுப்பு, செட்டும் கேபிளும் எதிர்பார்க்கும் 50 ஓமைவிட வெகுவாகக் குறைந்து நிற்கும், சாய்த்தால் 50 ஓமுக்கு அருகில் வந்துவிடும், தனியாக மேட்சிங் சுருள் தேவையில்லை. இந்தக் கம்பித் துண்டு பெரிய ஆன்டெனாக்களுக்கு ஒரு எஸ்கூடப் பின்தங்காமல் நிற்பதைப் பார்க்கும்போது கொஞ்சம் கூச்சமாகவே இருக்கும்.

வானத்தில் பட்டுத் திரும்பும் தூர நிலையங்களை வைத்து ஒப்பிடாதீர்கள். ஆயிரம் இரண்டாயிரம் கிலோமீட்டரிலிருந்து வரும் சிக்னல் ஒரு நிமிடத்துக்குள் மூன்று எஸ் ஏறி இறங்கும். முப்பது நாற்பது முறை சுவிட்சைத் தட்டிச் சராசரி எடுக்கப் பொறுமை இருந்தால் சரி. தாழ்ந்த கோணத்தில் வீசும் 5/8-உம் முக்கால் அலையும் அங்கே கொஞ்சம் முந்தலாம், ஆனால் அங்கேயும் உயரம்தான் முதலில் பேசும்.

உங்களுக்கு என்ன செய்வேன் என்றால்: தனியாக ஏற்ற வேண்டும், காற்று அதிகம் என்றால் அரை அலை ஃபைபர்கிளாஸும் சோக்கும். ஆள் துணையும் உறுதியான கம்பமும் இருந்தால் ரேடியல் உள்ள 5/8. அதன் ஒரு டெசிபலுக்காக அல்ல, ரேடியல் இருப்பதால் கேபிள் அமைதியாக இருக்கும் என்பதற்காக. முக்கால் அலை நன்றாகவே வேலை செய்யும், ஆனால் அடியில் கூடைபோல் சூழ்ந்திருக்கும் கம்பிகள் காற்றை வாங்கும், கம்பமும் ஸ்டே கம்பிகளும் அதற்கேற்ப வேண்டும். எதை ஏற்றினாலும் அன்றே சேனல் 1, 20, 40-இன் எஸ்டபிள்யூஆரையும், காலிச் சேனலில் முள் நிற்கும் இடத்தையும் ஒரு சீட்டில் எழுதிச் செட்டின் அடியில் ஒட்டிவையுங்கள். ஒரு மழைக்காலம் போனபின் மறுபடி அளந்து பாருங்கள். எஸ்டபிள்யூஆர் காரணமில்லாமல் அழகாகிவிட்டு, தூரத்து நண்பர்கள் மங்கலாகக் கேட்டால், ஏணியை எடுத்துக்கொண்டு முதலில் மேலே உள்ள கேபிள் முனையைக் கழற்றிப் பாருங்கள்.